இளைத்தால் போதுமா?

வெகு நாளைக்குப் பிறகு இருவர் சந்தித்தால், முன்னெல்லாம் நமது தமிழ் நாட்டில் முதற் கேள்வி, "ஏன் இப்படி இளைத்துப் போய்விட்டீர்கள்?" என்பதாக இருக்கும். கேட்பவர் குரலில் அனுதாபமும், கேட்கப்பட்டவர் முகத்தில் வாட்டமும் தோன்றும். இப்பொழுது காலம் தலைகீழாக மாறிவிட்டது. அறுபது எழுபது பிராயத்தைக் கடந்த பெரியவரைப் பார்த்து, "அடடா! நன்றாக இளைத்திருக்கிறீர்களே! சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டதாக்கும்?" என்று பாராட்டுகிறார்கள். அவரும், பரிசளிப்பு விழாவில் பதக்கம் பெற்ற பையனைப் போல் பூரித்துப் போகிறார். இந்தப் பாராட்டு எப்பொழுதும் தகுதியானதுதானா என்பதை இந்த வாரம் சிறிது ஆராய விரும்புகிறோம்.

நாம் வைத்தியரல்ல. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது நமது தொழில். ஆயினும், விடை சரியாக வந்திருந்தாலும் வழி தப்பாயிருந்தால் முழு மார்க்குக் கொடுப்பது நமது வழக்கமன்று. தராசு காட்டும் எடையும் ஒரு விடைதான். அந்த விடை எந்த வழியாக வந்தது என்று கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டிய அவசியம் பெரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, நமது தேசத்தில் நீரிழிவு உடையவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். நடுப் பிராயத்தில் இவ்வியாதியுடன் குடித்தனம் ஆரம்பித்தவர்கள், நவீன வைத்தியத்தின் உதவியால் எழுபதும் எண்பதும் காண்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் நாற்பது வயதில் சொன்ன பத்தியத்தையே எண்பது வயதிலும் நடத்தினால் என்ன ஆகும்?

நடு வயதில் தொந்தி கரைவது நல்லது என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவில், நீரிழிவின் வாசற்படியில் நின்ற மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைப்பதையும், வாரத்துக்கு 150 நிமிஷம் நடப்பது போன்ற தேகப் பயிற்சியையும் குறியாகக் கொண்டவர்களிடையே, வியாதி வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடையே குறைந்தது 31 பங்குதான். பிரிட்டனில் 2017-இல் வெளியான வேறொரு சோதனையில், நாளொன்றுக்கு 850 கலோரி அளவே தரும் ஆகாரத்தைச் சில மாதம் உண்டு எடை குறைத்த நோயாளிகளில், நூற்றுக்கு 46 பேருக்கு ஒரு வருஷ முடிவில் மருந்தில்லாமலே சர்க்கரை நிதானத்தில் நின்றது.

இந்தச் செய்தியைப் படித்த சற்புத்திரன், அன்றைக்கே எழுபத்தைந்து வயதுத் தகப்பனாரின் சாப்பாட்டைப் பாதியாக்கிவிடுகிறான். அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் 20 முதல் 65 வயது வரையில் உள்ளவர்கள். வியாதி கண்டு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகாதவர்கள். இன்சுலின் போட்டுக் கொள்ளாதவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வைத்தியரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். இந்த வரிகள் மட்டும் அவன் கண்ணில் படுவதில்லை.

தராசு ஒரு ஊமைச் சாட்சி. ஐந்து கிலோ குறைந்தது என்று சொல்லுமே தவிர, குறைந்தது கொழுப்பா, தசையா என்று சொல்லாது. இதற்கு ஒரு ரஸமான உதாரணம் உண்டு. புனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் என்பவரும், ஆங்கிலேயரான டாக்டர் யுட்கின் என்பவரும் தங்கள் படத்தை 2004-இல் ஒரு பிரபல வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பிலிருந்த கொழுப்போ, ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவருக்கு 21.2 பங்கு! ஒல்லியாகத் தோன்றும் இந்தியர் பலர் உள்ளுக்குள்ளே பருமனானவர்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

தசையைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். உண்ட ஆகாரத்திலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலினின் ஏவலால் வாங்கிச் சேமித்து வைக்கும் களஞ்சியம் தசையே. முதுமையில் அது தானாகவே சுருங்குகிறது. அரைப்பட்டினியும் சேர்ந்துகொண்டால் அச்சுருக்கம் விரைவாகும். களஞ்சியத்தை இடித்துவிட்டு, நெல்லைக் கொட்ட இடமில்லையே என்று வருந்துவதுபோன்ற காரியம் அது. அன்றியும், தசை போனால் பலம் போகும். பலம் போனால் நடை தள்ளாடும். ராத்திரி எழுந்து கொல்லைப் பக்கம் போகையில் கால் இடறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதன் பின்பு படுத்த படுக்கைதான். எத்தனையோ குடும்பங்களில் பெரியவர்களைச் சாய்ப்பது சர்க்கரையன்று, இந்த ஒரு விழுகையே.

இது புதிய ஞானமுமன்று. சரக ஸம்ஹிதை, மதுமேகம் உள்ளிட்ட பிரமேக நோயாளிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. பருத்து பலமாயிருப்பவன் ஒருவன். இளைத்து பலஹீனமாயிருப்பவன் மற்றொருவன். முன்னவனுக்குச் சோதன சிகிச்சை. பின்னவனுக்கோ ஊட்டம் என்பது அதன் தீர்ப்பு. இன்றைய நம் வீடுகளிலோ இருவருக்கும் ஒரே பட்டினி!

இனி, இளைத்தவரைப் பாராட்டும் விஷயத்துக்கு வருவோம். வேண்டுமென்று முயலாமலே ஒருவர் இளைத்தால், அது நற்செய்தியன்று, எச்சரிக்கை. ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ எடையில் இருபதில் ஒரு பங்கு தானாகக் குறைந்துவிட்டால், தாமதியாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போவதாலும் உடல் உருகும். நீரிழிவுள்ளவர்களுக்குக் க்ஷயரோகம் வரும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதையும் மறக்கலாகாது. இருமலும் மாலைக் காய்ச்சலுமாய் இளைத்து வரும் கிழவரைப் பார்த்து, "பத்தியம் நன்றாக வேலை செய்கிறது" என்று மெச்சுவது எத்தகைய விபரீதம்!

சரி, சமையலறைக்குள் போவோம். சாதத்தை விலக்கிச் சப்பாத்தி உண்டால் தீர்ந்தது என்பது பலருடைய நம்பிக்கை. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. நூறு கிராம் கோதுமை மாவில் சுமார் 340. நம் வகுப்பில் கடைசிப் பெஞ்சுப் பையன்கூட இதில் லாபம் எவ்வளவு என்று சொல்லிவிடுவான். கேழ்வரகு நல்ல தானியந்தான். ஆனால் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால், அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை வெகு சீக்கிரம் ஏற்றிவிடும். தானியம் எது என்பதைவிட எவ்வளவு என்பதும், அதனுடன் சேர்ந்து உள்ளே போவது என்ன என்பதும் முக்கியம். 21 தேசங்களில் ஒரு லட்சத்து முப்பதினாயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2020-இல் வெளியான அறிக்கை, நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சாதம் உண்பவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் அதிகம் என்றும், அது தெற்காசியரிடமே மிகுதி என்றும் கூறுகிறது.

நமது இலையைப் பாருங்கள். நடுவில் மலைபோல் சாதம். ஓரத்தில், திருஷ்டி கழிப்பதற்கு வைத்ததுபோல் ஒரு துளி பொரியல். இந்த இரண்டையும் இடம் மாற்றுவதே பாதி வைத்தியம். இலையில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, சுண்டல், தயிர், அல்லது முட்டையோ மீனோ. மிச்சமுள்ள கால் பங்கு சாதம். குறைக்க வேண்டியது சாதம். குறைக்கக் கூடாதது புரதம்.

பிராயம் 65-ஐக் கடந்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரையில் தினம் புரதம் தேவை என்பது முதுமை வைத்திய நிபுணர்களின் கருத்து. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் ஆகிறது. நூறு கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம்; ஒரு கோழிமுட்டையில் 6; ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அவ்வளவே. இதை வைத்துக்கொண்டு, நம் வீட்டுப் பாட்டியின் சாப்பாட்டைக் கணக்கிடுங்கள். எல்லோரும் உண்ட பின் கடைசியாக உட்கார்ந்து, பருப்பெல்லாம் அடியிலிருந்து வாரப்பட்டுவிட்ட குழம்பையும், தெளிந்த ரஸத்தையும், நீர்மோரையும் ஊற்றிக்கொள்ளும் அந்த அம்மாளுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? பல்லில்லை என்றால் பருப்பைக் குழைய வேகவைக்கலாம். சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் இந்த அளவை வைத்தியரிடம் கேட்டே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும்.

ஆகாரம் மட்டும் போதாது. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், 65 வயதைக் கடந்த பருமனான 160 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். உணவைக் குறைத்து, நடை முதலிய பயிற்சி மட்டும் செய்தவர்கள், கொழுப்பு நீங்கிய உடற்பகுதியில் நூற்றுக்கு 5 பங்கை இழந்தார்கள். பளு தூக்கும் பயிற்சி செய்தவர்கள் இழந்தது 2 பங்குதான். இரண்டும் சேர்த்துச் செய்தவர்கள் 3 பங்கு. தாத்தாவைக் குஸ்திப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறோம் என்று பயப்பட வேண்டாம். சுவரோரம் உறுதியான நாற்காலி ஒன்றைப் போட்டு, வேளைக்குப் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தால் போதும். தப்புச் செய்த பையன்களுக்கு நாம் விதிக்கும் தோப்புக்கரணத்தின் கிழவர் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிஷம் மெல்ல நடப்பதும் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும்.

நமது சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே நினைவுகூரத்தக்கது. உணவையும் நடையையும் சீர்திருத்திக்கொண்டவர்களிடையே நீரிழிவு வருவது நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது. ஆனால் அவர்கள் குறிப்பிடும்படியாக இளைத்துவிடவில்லை! தராசு அசையாவிட்டாலும் உடம்பு தேறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கடைசியாக, எல்லாவற்றிலும் அபாயமானது ஒன்று. ஏகாதசியோ சஷ்டியோ ரம்ஜான் நோன்போ, அல்லது இளைக்கும் ஆசையோ, ஏதாவதொரு காரணத்தால் பெரியவர் உணவைக் குறைக்கிறார். ஆனால் மாத்திரையை வழக்கம்போல் விழுங்குகிறார். இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும், நாம் உண்டோமா என்று விசாரித்துக்கொண்டு வேலை செய்வதில்லை. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், மனக் குழப்பம் எல்லாம் வரும். "வயதாகிவிட்டது, ஏதோ பிதற்றுகிறார்" என்று வீட்டார் அலட்சியமாக இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நினைவோடு விழுங்கக் கூடியவராயிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். இந்த அபாயத்தை உத்தேசித்தே, தளர்ந்த முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8-க்குள் இருந்தால் போதும், இளைஞருக்குச் சொல்லும் 7 வேண்டாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நெறிமுறைகள் விட்டுக்கொடுக்கின்றன. 2025-இல் நமது தேசத்துக்கு வந்த திர்செப்படைட் போன்ற பசியடக்கும் ஊசிகளை நாடுவோரும், அவற்றால் கொழுப்போடு தசையும் குறையக்கூடும் என்பதை அறிந்து, வைத்தியரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே நேயர்களுக்கு நமது யோசனை இதுதான். அடுத்த முறை வீட்டுப் பெரியவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்போது, ஒரு காகிதத்தில் நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: ஆறு மாதத்துக்கு முன் இருந்த எடையும் இன்றைய எடையும், இடுப்பின் சுற்றளவு (ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80-க்கும் உட்பட்டிருப்பது நலம்), கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா என்பது, நேற்றைக்கு ஒரு நாள் முழுவதும் சாப்பிட்டது என்ன என்பது. ஆகாரத்தைக் குறைத்திருந்தால், மருந்தையும் குறைக்க வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள். அந்தக் கேள்வியை அடுத்த மாதத்துக்கு ஒத்தி வைக்காதீர்கள்.