சரின்னு சொன்ன அம்மா

போன வாரம் 'மிஸ்ஸிஸிப்பி பர்னிங்' (1988) படத்தை ரெண்டாவது தடவையா பார்த்தேன். ஜீன் ஹாக்மனைப் பத்திச் சொல்லவே வேணாம், மனுஷன் பின்னியிருப்பார். ஆனா இந்தத் தடவை வேற ஒண்ணு உறுத்திச்சு. ஆரம்பத்துலயே மூணு இளைஞர்களைக் கொன்னுடறாங்க. அதுக்கப்புறம் படம் முழுக்க எஃப்பிஐ துப்பறியுது. அந்தப் பசங்க யாரு, எந்த வீட்டுல வளர்ந்தாங்க, பேரு என்ன... ம்ஹூம், ஒண்ணும் கிடையாது.

நிஜத்துல அவங்க ஜேம்ஸ் சேனி (21), மைக்கேல் ஷ்வெர்னர் (24), ஆண்ட்ரூ குட்மன் (20). சேனி மிஸ்ஸிஸிப்பியில மெரிடியன் ஊரைச் சேர்ந்த கறுப்பின இளைஞர். மத்த ரெண்டு பேரும் நியூயார்க் யூதர்கள். கறுப்பின மக்களை வாக்காளர்களா பதிவு செய்யறதுக்காக 1964 கோடையில நூத்துக்கணக்கான மாணவர்கள் மிஸ்ஸிஸிப்பிக்குப் போனாங்க. அதுல ஆண்ட்ரூவும் ஒருத்தன். மெரிடியனுக்கு வந்து சேர்ந்த மறுநாள், ஜூன் 21 ராத்திரி, கூ க்ளக்ஸ் க்ளான் ஆளுங்க மூணு பேரையும் சுட்டுக் கொன்னு ஒரு மண் அணைக்கு அடியில புதைச்சுட்டாங்க. உள்ளூர் துணை ஷெரிஃபும் உடந்தை. உடல்கள் கிடைக்க 44 நாள் ஆச்சு.

நான் எழுத வந்தது ஆண்ட்ரூவோட அம்மா கேரலின் குட்மனைப் பத்தி. (கல்யாணமே ஆகாதவன் பிள்ளை வளர்ப்பு பத்தி எழுத வந்துட்டான்னு சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம் :-))

அந்தம்மா ஒரு மனநல நிபுணர். அப்பா ராபர்ட் சிவில் இன்ஜினியர், நம்ம இனம். மன்ஹாட்டன்ல வசதியான வீடு, மூணு பசங்க, ஆண்ட்ரூ நடுவுல. மதச் சடங்குகள்ல பெரிய ஈடுபாடு இல்லாத யூதக் குடும்பம். ஆனா அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில அரசியல் பேசாத நாளே கிடையாதுன்னு சொல்ற மாதிரி ஒரு வீடு. மெக்கார்த்தி காலத்துல கருப்புப் பட்டியல்ல மாட்டின கலைஞர்கள் எல்லாம் வந்து போவாங்க. பசங்களும் கூடவே உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாங்க. பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே ஆண்ட்ரூ மேற்கு வர்ஜினியாவுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க எப்படி வாழறாங்கன்னு நேர்ல பார்த்துட்டு வந்தவன். யாரும் உக்கார வச்சு 'சமூக அக்கறையோட இருப்பா'ன்னு பாடம் எடுத்ததா தெரியலை.

சிக்கல் எங்க வந்ததுன்னா, மிஸ்ஸிஸிப்பிக்குப் போக 21 வயசு ஆகாதவங்களுக்குப் பெத்தவங்க சம்மதம் வேணும். பையன் வந்து கேக்கறான். அங்க என்ன நடக்கும்னு அம்மாவுக்குத் தெரியாம இல்லை. ஆனா இத்தனை வருஷமா வீட்ல சொல்லிக் குடுத்ததுக்கு இப்ப எப்படி முதுகைக் காட்டறதுன்னு யோசிச்சுத்தான் சரின்னு சொன்னதா பின்னாடி பல தடவை சொல்லியிருக்காங்க.

ஆபீஸ் நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். ரெண்டு பொண்ணுக்கு அப்பா. "நானா இருந்தா கால் ஒடிச்சு வீட்ல உக்கார வச்சிருப்பேன்டா, உயிரோடவாவது இருந்திருப்பான்"ன்னான். தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா அதே நண்பன்தான் பொண்ணுங்க பிறந்தநாளுக்கு அநாதை இல்லத்துல சாப்பாடு போட்டு, 'பசங்களுக்கு இதெல்லாம் தெரியணும்'னு சொல்றவன்.

என் பிரச்சனை இங்கதான். நல்லவனா இரு, இரக்கப்படு, அநியாயத்தைத் தட்டிக் கேளு எல்லாம் சொல்லிக் குடுக்கறோம். கூடவே, சத்தம் வராம, 'ஆனா உனக்கு ஆபத்து வர்ற வரைக்கும்தான்'னு ஒரு நிபந்தனையும் போட்டுடறோம். பிள்ளைங்க கெட்டிக்காரங்க, நிபந்தனையைத்தான் முதல்ல கத்துக்கறாங்க. கேரலின் அந்த நிபந்தனையைப் போடலை, அவ்ளோதான். அதோட விலை இவ்ளோன்னு தெரிஞ்ச பிறகு அதைப் பிள்ளை வளர்ப்பு டிப்ஸா எழுத எனக்குத் தைரியம் இல்லை.

தான் செய்யாததை அவங்க பையன்கிட்ட எதிர்பார்க்கவும் இல்லை. அமடூ டியாலோங்கற நிராயுதபாணி இளைஞரை நியூயார்க் போலீஸ் சுட்டுக் கொன்னதை எதிர்த்து 1999ல போராட்டம் நடந்தப்போ, அதுல கலந்துக்கிட்டு கைதானாங்க. அப்போ வயசு 83!

இன்னொரு அம்மாவையும் சொல்லணும், இல்லன்னா இந்தப் பதிவு அரைகுறை. சேனியோட அம்மா ஃபானி லீ சேனி. அவங்ககிட்ட யாரும் சம்மதம் கேக்கலை. கேரலினுக்கு 'போகாதே'ன்னு சொல்ல ஒரு வாய்ப்பாவது இருந்துச்சு. ஃபானி லீக்கு ஆபத்து இருந்த இடமே சொந்த ஊர். பையன் செத்த பிறகும் மிரட்டல் நிக்காம, ஊரை விட்டே நியூயார்க்குக்குக் கிளம்ப வேண்டியதாச்சு. காணாமப் போனது சேனி மட்டும்னா யாருமே கண்டுக்கிட்டிருக்க மாட்டாங்கன்னு ஷ்வெர்னரோட மனைவி ரீட்டா அப்பவே பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னாங்க. உண்மைதான். இவங்களைத் தேடினப்போ காணாமப் போன வேற கறுப்பின இளைஞர்களோட உடல்களும் கிடைச்சுது, அந்தப் பேரெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்?

1967ல நடந்த வழக்குல 7 பேருக்குத் தண்டனை, ஒருத்தர் கூட ஆறு வருஷத்துக்கு மேல உள்ள இருக்கலை. கொலைக் கும்பலைத் திரட்டின எட்கர் ரே கில்லன் 2005லதான் திரும்பக் கூண்டுல ஏறினான். சாட்சி சொல்ல அந்த ரெண்டு அம்மாவும் மிஸ்ஸிஸிப்பிக்கு வந்தாங்க. கேரலினுக்கு 89 வயசு. சாகற அன்னிக்கு ஆண்ட்ரூ எழுதின தபால் அட்டையை கோர்ட்ல படிச்சாங்க. பத்திரமா வந்து சேர்ந்துட்டேன், ஊர் அருமையா இருக்கு, வெயில் பரவால்ல, ஜனங்க எங்களை நல்லா வரவேற்றாங்கன்னு எழுதியிருந்தான்.

கொலை நடந்து சரியா 41 வருஷம் கழிச்சு, அதே ஜூன் 21ல, கில்லன் குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு. 60 வருஷம் போட்டாங்க, 2018ல ஜெயில்லயே செத்தான். ரெண்டு அம்மாவும் 2007ல, சில மாச இடைவெளியில போய்ச் சேர்ந்துட்டாங்க. கேரலினோட நினைவுக் குறிப்புகள் 'மை மேண்டில்பீஸ்'ங்கற பேர்ல 2014ல புத்தகமா வந்திருக்கு. கையில கிடைச்சா அந்த நண்பனுக்கும் ஒரு பிரதி வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன்.