பேரீச்சம்பழத்துக்குப் போட்டவை

“பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!” தெருமுனையில் குரல் கேட்டதுமே கொல்லைக்கு ஓடிய தலைமுறை நாம். ஓட்டைக் குடம், துருவேறிய பூட்டு, சமயத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு நல்ல கரண்டி. சாக்குக்குள் பிசுபிசுவென்று அப்பிக் கிடக்கும் பழத்தைக் கத்தியால் வெட்டி, ஈ மொய்க்க மொய்க்கக் காகிதத்தில் வைத்துத் தருவார் வியாபாரி. எடையில் ஏமாற்றுகிறார் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. தகர டப்பாவுக்குள் நாம் திணித்த மண்ணைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

அப்பா வயதுக்காரரை “ஏய், பேரீச்சம்பழம்!” என்றே கூப்பிட்டோம். அதைக்கூட அறியாப் பருவம் என்று தள்ளிவிடலாம். வளர்ந்த பிறகு செய்ததற்கு என்ன சொல்ல?

பழைய பேட்டரியைக் கடையிலோ அதற்கான சேகரிப்பு மையத்திலோதான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் தள்ளுவண்டிக்காரர் கொஞ்சம் கூடக் கொடுத்தால் அவர் தலையில்தான் கட்டினோம். எங்கோ ஒரு கொட்டகையில் அதை உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, வெறுங்கையோடு ஈயத்தை உருக்குகிறார்கள். அந்தப் புகை பக்கத்தில் விளையாடும் குழந்தையின் மூளை வரைக்கும் போகும். செம்புக்காக வயரைக் கொளுத்தும் நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு திட்டினோம். எரிவது நம் வீட்டு வயர்.

படித்தவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. டில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று, 2010 பிப்ரவரியில் காயலான் சரக்காக ஏலம் போனது. உள்ளே கோபால்ட்-60. டில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களுக்கும் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தோல் கருத்தது, முடி கொட்டியது. ஒரு தொழிலாளி செத்தே போனார். அந்தச் செய்தியை உச்சுக்கொட்டிப் படித்துவிட்டு, பாதரசம் அடைத்த டியூப்லைட்டை வழக்கம்போல் குப்பைத்தொட்டியில் செருகினோம்.

குப்பை பொறுக்குவோரையும் பழைய சாமான் வாங்குவோரையும் உள்ளாட்சிகள் கணக்கில் எடுத்து ஒழுங்கான வேலைக்குள் கொண்டுவர வேண்டும் என்றன 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகள். அதைக் கேட்டு எந்தக் குடியிருப்போர் சங்கம் மனு கொடுத்தது? நம் கூட்டங்களில் அவர்கள் பேச்சு வந்ததே ஒரு விஷயத்துக்காகத்தான்: கேட்டுக்குள் விடலாமா, கூடாதா. கூடாது என்று ஏகமனதாக முடிவெடுத்து, பார்க்கிங் பிரச்சினைக்குப் போய்விட்டோம்.