பூட்டிய பூங்காவும் எட்டாவது பிரிவும்

2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்த பொது முடக்கம் நான்கே மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்தது. பெங்களூருவில் லால்பாக், கப்பன் பூங்காக்களின் கதவுகளும் அந்த மாதம் மூடப்பட்டன. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் பலருக்கு அது சிறு அசௌகரியம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் நடந்து பழகிய, ஆட்டிசம் உள்ள பதின்வயதினருக்கோ அன்றாட வாழ்வின் அச்சாணியே கழன்றது.

பள்ளி நின்றதும் எழும் நேரம் குலைந்தது. நடை நின்றதும் உறக்கம் குலைந்தது. குறிப்பிட்ட சில உணவுகளை மட்டுமே ஏற்கும் பிள்ளைக்கு, வழக்கமான பிஸ்கட் கடையில் இல்லையென்றால் அன்று பட்டினிதான். முகக்கவசத்தின் நாடா காதில் உரசுவதையே சிலரால் தாங்க முடியாது. தந்தையைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளையை இரண்டு அறை வீட்டுக்குள் வாரக்கணக்கில் வைத்திருப்பது என்னவென்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

இது முன்கூட்டியே அறிய முடியாத சிக்கலன்று. கடுமையான முடக்கத்தில் இருந்த ஸ்பெயின், ஆட்டிசம் உள்ளவர்கள் துணையுடன் வெளியே நடக்க அனுமதித்தது. (அப்படி நடந்தவர்களை மாடியிலிருந்து ஏசிய அண்டை வீட்டார் அங்கும் இருந்தனர்.) நாளுக்கு ஒருமுறை மட்டுமே உடற்பயிற்சிக்கு வெளியே செல்லலாம் என்ற நெறியை, 2020 ஏப்ரலில் பிரிட்டன் இவர்களுக்காகத் தளர்த்தியது. நமது மத்திய உள்துறையின் முடக்க உத்தரவில் இத்தகைய விதிவிலக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை மார்ச் 26-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பராமரிப்பாளர்கள் வந்து செல்வதற்கான அனுமதியைப் பற்றிப் பேசின. நல்லதுதான். ஆனால் பராமரிப்பவர் வீட்டுக்குள் வரலாம், பிள்ளை வெளியே போகக் கூடாது என்பது பாதி உதவியே.

சட்டம் இல்லாமலில்லை. ரூபாய் நோட்டு விவகாரத்தில் முடங்கிய 2016 குளிர்காலக் கூட்டத்தொடரில், கட்சி வேறுபாடின்றி நிறைவேறிய அரிய மசோதா மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதா. ஆட்டிசத்தையும் உள்ளடக்கிய அச்சட்டத்தின் எட்டாவது பிரிவு, ஆபத்துக் காலங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பை உறுதியளிக்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களது விவரங்களைப் பதிவேடாகப் பராமரிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. பொது முடக்கம் பிறப்பிக்கப்பட்டதும் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ்தான்.

பெங்களூரு நகர மாவட்டத்தின் பதிவேட்டில் ஆட்டிசம் உள்ள பதின்வயதினர் எத்தனை பேர்? அடுத்த பெருந்தொற்றில் அவர்கள் வெளியே நடப்பதற்கான விதிவிலக்கு இப்போதே எழுதப்பட்டிருக்கிறதா? அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் கர்நாடக உறுப்பினர்கள், எக்கட்சியினராயினும், இவ்விரண்டையும் கேட்டு அரசின் பதிலை அவைக் குறிப்பில் ஏற்ற வேண்டும்.