பாட்டிக்கும் புரியட்டும் புரதம்

கிள்ளான் பக்கத் தோட்டமொன்றில் உதிரிப் பழம் பொறுக்கியவர் என் பாட்டி. அடித்தண்டு அழுகிச் சாய்ந்த செம்பனைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். காரணம், கனோடெர்மா போனினென்ஸ் என்னும் பூஞ்சை. நோய் முற்றிய மரத்திற்கு மருந்தில்லை. அதை எதிர்க்க அதன் புரதங்களின் இயல்பை அறிய வேண்டும். வட்டமுனைவு ஒளியைப் பாய்ச்சினால் புரதத்தில் சுருள் எவ்வளவு, மடிப்பு எவ்வளவு என்று தெரியும். சூடேற்றினால் எந்த வெப்பத்தில் குலைகிறது என்பதும் தெரியும். புரத வடிவத்தைச் சரிபார்க்க உலகமே நாடும் இராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததுதான்.

தமிழ்ப்பள்ளியில் 'புரதம்' என்று படித்த நாம், ஆய்வுக்கூட வாசலில் அச்சொல்லைக் கழற்றி வைப்பதேன்? ஆய்வேடு ஆங்கிலத்திலோ மலாய்மொழியிலோ இருக்கட்டும். கூடவே ஒரு பக்கம் தமிழிலும் எழுதுவோம், நண்பர்களே! மரம் சாய்ந்ததைக் கண்டவருக்கு, அது ஏன் சாய்ந்தது என்று சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள்.