சமசீதோஷ்ணமும் பனியும்

முற்காலப் புவியியல் நூல்கள் ‘சமசீதோஷ்ண மண்டலம்’ என்றன. இன்றைய பாடநூல்கள் ‘மிதவெப்ப மண்டலம்’ என்கின்றன. சொல் மாறியதேயன்றி, அது எழுப்பும் எண்ணம் மாறவில்லை. குளிரும் வெப்பமும் அளவோடு அமைந்த இன்பமான நிலம் என்றே மாணவன் கருதுகிறான்.

அம்மண்டலத்தின் நடுவே, ஏறத்தாழ 43 பாகை வட அட்சத்தில், அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்தின் கிளேட்டன் கவுண்டி உள்ளது. உழவும் பால்பண்ணையும் மிகுந்த நாட்டுப்புறம் அது. அதன் தலைமையூராகிய எல்கேடரில் 1996 பிப்ரவரி 3 ஆம் நாள் வெப்பநிலை சுழிக்குக் கீழே 44 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. அம்மாநிலத்தில் இதனினும் கடிய குளிர் பதிவானதில்லை. 1912 இல் வாஷ்டா என்னும் ஊரில் பதிவானது இதற்குச் சமம். அதே மாநிலத்துக் கியோகக் நகரம் 1934 ஜூலையில் ஏறத்தாழ 48 பாகை வெப்பம் கண்டது. இதில் சமம் எங்கே, மிதம் எங்கே?

காரணம் விளங்காததன்று. வெப்பத்தைத் தணிக்கவும் குளிரைக் குறைக்கவும் அருகே கடல் இல்லை. வடதுருவக் காற்றைத் தடுக்க நமது இமயம் போன்று குறுக்கே மலைத்தொடரும் இல்லை. தெற்கிலிருந்து மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் தடையின்றி வருகிறது. இவ்விரண்டும் மோதும் களமே அந்நாட்டு வானிலை. எல்கேடரோ டர்க்கி ஆற்றின் பள்ளத்தாக்கில் இருப்பது. காற்றசையாத தெளிந்த இரவுகளில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளினின்றும் வழிந்து அங்கே தேங்கும்.

இதனினும் பெரிய இடர் ‘பனி’ என்னும் சொல்லால் விளைவது. புல்நுனியில் நிற்கும் துளியும், மார்கழிக் காலை மூட்டமும், வானினின்று உதிரும் வெண்துகளும், இலையைக் கருக்கும் உறைவும் நமக்குப் பனியே. கிளேட்டன் உழவனுக்கோ இவற்றுள் ஒன்று நண்பன், ஒன்று பகைவன். நிலத்தின்மீது அடர்ந்து கிடக்கும் வெண்பனி கம்பளிபோல் மண்ணின் வெப்பத்தைக் காத்து, குதிரைமசாலின் வேர்களை உயிரோடு வைத்திருக்கும். அப்போர்வை இல்லாத கடுங்குளிரே வேரைக் கொல்லும். உறைபனியோ மே மாதத் தொடக்கத்திலும் தாக்கும். செப்டம்பர் இறுதியிலேயே திரும்பவும் கூடும். இடைப்பட்ட ஐந்து திங்களுக்குள் மக்காச்சோளம் முற்றியாக வேண்டும். ‘பனி பெய்தது, பயிர் பிழைத்தது’ என்று ஒருவர் மொழிபெயர்த்தால், படிப்பவர் அதனை அச்சுப்பிழை என்றே கொள்வார்.

‘இளவேனில்’ என்பதும் இவ்வாறே. நமக்கு அது தென்றலும் மாம்பூவும். அங்கே உருகிய பனியால் சேறான வயலும், பின்னர்ப் பெருமழையும். ஜூன் மாதமே மழை மிகும் காலங்களுள் ஒன்று. 2008 ஜூனில் டர்க்கி ஆறு பெருகி எல்கேடரின் ஒரு பகுதியை மூழ்கடித்தது.

‘மிதவெப்ப மண்டலம்’ என்பதை விடுத்து ‘நடு அட்சப் பகுதி’ என்று வழங்கலாம் என்பது எம் கருத்து. அது இடத்தை மட்டும் சுட்டும். இயல்பைப் பற்றி வாக்குறுதி தராது. வெண்பனி, உறைபனி ஆகிய இரு சொற்களும் நம்மிடம் முன்னரே உள்ளன. எனினும் செய்தித்தாள்களில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று மயங்கி வருகின்றது. பாடநூல் எழுதுவோரேனும் இவற்றைப் பிரித்து ஆளலாம்.