மேஜை மேல் வேலை செய்யும்!

திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்கு வருகிறவர்களில், ரிமோட் விமானம் விடுகிற பேர்வழியைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பறந்திருந்தால் ஸீட்டில் உட்காருவதற்கு முன் மொபைலில் வீடியோ காட்டுவார். பறந்தது பாதியில் இறங்கியிருந்தால், டிபன் பாக்ஸ் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அஸ்தி கரைக்க வந்தவர் மாதிரி மேஜையில் பரப்புவார். தெர்மாக்கோல் துண்டுகள், ஒற்றை இறக்கை, மண் அப்பிய நாலைந்து எலெக்ட்ரானிக் சமாசாரங்கள். பிறகு சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, 'சரி பண்ணிடலாம் இல்ல?' என்பார்.

'தாராளமா பண்ணிடலாம் சார்!'

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் வேறு பதில் சொன்னதில்லை. அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்காரர்கூட சொல்வார். டேபிள் ஃபேனையும் மிக்ஸியையும் இருபது வருஷம் சாகவிடாமல் ஓட்டிய பரம்பரை நாம். வீட்டில் ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், போதாதற்கு யூட்யூபில் கொட்டிக் கிடக்கும் வீடியோக்கள். 2018-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி., நடிகர் அஜித்தைத் தன் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு ஆலோசகராக அழைத்த பிறகு இந்தப் பொழுதுபோக்குக்கு வீட்டில் கொஞ்சம் மரியாதையும் கிடைத்திருக்கிறது. 'தல'யே விடுகிறார், நாம் விட்டால் என்ன?

விடலாம். ரிப்பேரும் செய்யலாம். ஆனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போது எல்லோரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி, 'என்னால முடியுமா?' என்பது. பெரும்பாலும் முடியும். கேட்கவேண்டியது வேறு. நான் பற்றவைத்த இடம் என்றாவது விட்டுப்போனால், அந்தச் சமயத்தில் சாமான் எங்கே இருக்கும்?

மிக்ஸி விட்டுப்போனால் சமையல்கட்டில் இருக்கும். சட்னி கெடும். விமானம் விட்டுப்போனால் இருநூறு அடி உயரத்தில் இருக்கும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள சுமாரான விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் இயக்க ஆற்றல் சுமார் 200 ஜூல். 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்துக்குக்கூட 120-தான். பேட்ஸ்மேன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பந்து வரும் என்று தெரிந்து நிற்கிறார். மைதானத்தின் ஓரத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பையனுக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. நம் மைதானங்களில் விமானத்தைக் கண்டால் பையன்கள் கூடாமலும் இருப்பதில்லை.

இப்போது மேஜைக்கு வருவோம்.

ஸர்வோ முதலில். இறக்கை மடலையும் வாலையும் அசைக்கும் தீப்பெட்டி சைஸ் டப்பா. உள்ளே ஒரு குட்டி மோட்டார், நாலைந்து பல்சக்கரங்கள், சின்னதாக ஒரு சர்க்யூட், பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல் மாதிரி ஒரு பொட்டென்ஷியோமீட்டர். ரிஸீவர் வினாடிக்கு 50 தடவை ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லிசெகண்ட் என்றால் 'நடுவில் நில்' என்று அர்த்தம். ஒன்றுக்குக் குறைந்தால் ஒரு ஓரம், இரண்டுக்கு நீண்டால் மறு ஓரம். தன் கை இப்போது எங்கே இருக்கிறது என்று ஸர்வோவுக்குச் சொல்வது அந்தப் பொட்டென்ஷியோமீட்டர்தான். அதில் தூசி ஏறினாலோ, தேய்ந்தாலோ, ஸர்வோ ஜன்னி வந்த மாதிரி உதறும்.

விழுந்தால் முதலில் போவது பல்சக்கரம். கையால் மெதுவாகத் திருப்பினால் ஓர் இடத்தில் 'கறுக்'கென்று வழுக்கும். மாற்றுச் சக்கரங்கள் கிடைக்கின்றன. நாலு ஸ்க்ரூ கழற்றி, பழைய வரிசையிலேயே அடுக்கி மாட்டினால் அரைமணி வேலை. கொஞ்சம் விலையுள்ள ஸர்வோவுக்கு இது நியாயம். ஒன்பது கிராம் நீல ஸர்வோவே சுமார் 100, 150 ரூபாய்க்கு ரிச்சி தெருவில் கொட்டிக் கிடக்கும்போது, அதற்குள் உட்கார்ந்து பல் கட்டுவானேன்? அதைக் கழற்றிப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள 100 ரூபாய் மலிவான டியூஷன் ஃபீஸ். திரும்ப விமானத்தில் மாட்டாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து ஈ.எஸ்.ஸி. என்கிற ஸ்பீட் கன்ட்ரோலர். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட்டை மூன்று ஒயர் வழியாக மோட்டாருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இதன் உத்தியோகம். இந்த மூன்று ஒயர், அவற்றின் முனையிலுள்ள தங்க நிறக் கனெக்டர்கள், பேட்டரிப் பக்கத்துப் பிளக்... எல்லாம் நீங்களே பற்றவைக்கலாம். ஒன்று மட்டும். வீட்டிலிருக்கும் 25 வாட் அயர்ன் இந்தத் தடி ஒயருக்குப் போதாது. ஈயம் 183 டிகிரியில் உருகிவிடும்தான். ஆனால் ஒயர் சூட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடும். மேலே பளபளவென்று ஒரு உருண்டை உட்காரும், உள்ளே ஒட்டியே இருக்காது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்று திட்டுகிறார்கள். 60 வாட்டாவது வேண்டும். ஒயரைச் சூடாக்கி, ஒயர்மேல் ஈயத்தை வைக்கவேண்டும். அயர்ன்மேல் வைத்து அப்பக்கூடாது.

உள்ளே கருகியிருந்தால்? மாஸ்ஃபெட் என்று கறுப்பாக, வரிசையாக இருக்கும். அதில் ஒன்று வெடித்திருக்கும். ஹாட் ஏர் வைத்து மாற்றிவிடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. என் ஆபீஸ் நண்பர் ஒருவர் அப்படியொரு ஈ.எஸ்.ஸி.யை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியில் கடை போட்டிருக்கும் ஒருவரிடம் போனார். அவர் லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்.

'சார், இது ஓடுறதா, பறக்கிறதா?'

'பறக்கிறது அண்ணே.'

'அப்ப புதுசு வாங்கிக்குங்க. ஓடுறதுன்னா பண்ணித் தரேன்.'

நண்பருக்கு வருத்தம், வியாபாரம் தெரியாத மனுஷர் என்று. எனக்கென்னவோ அந்த மாடிப்படிக்காரருக்குத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது என்று படுகிறது. நிறைய ஈ.எஸ்.ஸி.க்களுக்குள் பி.ஈ.ஸி. என்று ஒரு உப சர்க்யூட் உண்டு. பேட்டரியின் 11 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிஸீவருக்கும் ஸர்வோக்களுக்கும் அதுதான் சோறு போடுகிறது. மோட்டார் நின்றால் விமானம் மிதந்துகொண்டே இறங்கும். சாமர்த்தியம் இருந்தால் புல்லில் வைத்துவிடலாம். பி.ஈ.ஸி. நின்றால் ரிஸீவரும் இல்லை, ஸர்வோவும் இல்லை, நீங்களும் இல்லை. சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்த 'ஃபெயில் ஸேஃப்' இருக்கிறதே என்பீர்கள். ரிஸீவர் உயிரோடு இருந்தால்தானே அதை நிறைவேற்ற முடியும்?

மேஜை மேல் வைத்து மாட்டிப் பார்த்தால் எல்லாம் வேலை செய்யும். அதுதான் தொல்லை. மேஜையில் அதிர்வு கிடையாது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்திருப்பதால் முழுக் கரண்ட்டும் ஓடுவதில்லை. சூடு ஏறுவதில்லை. டிரான்ஸ்மிட்டர் ரெண்டடி தூரத்தில் இருக்கிறது. போர்டில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் இருந்தால், அது இந்த நாலும் ஒன்று சேரும்போதுதான் வாயைத் திறக்கும். லூஸ் கான்டாக்ட் என்பது நமக்குப் புதிதல்ல. ரேடியோ பாடாவிட்டால் தலையில் ஒரு தட்டு; பாடும். இருநூறு அடி உயரத்தில் யார் தட்டுவது?

பழைய ஆசாமிகள் இதில் கறாராக இருந்தார்கள். அந்தக் காலத்து ரிஸீவரில் அலைவரிசைக்கு ஒரு க்ரிஸ்டல் செருகியிருக்கும். உள்ளே இருப்பது மெல்லிய குவார்ட்ஸ் சில்லு. விமானம் விழுந்தால், நன்றாக இருக்கிறதா என்று டெஸ்ட் செய்வதற்கெல்லாம் உட்காரமாட்டார்கள். க்ரிஸ்டலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிது செருகுவார்கள். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிஸீவரிலும் பொடியாக ஒரு க்ரிஸ்டல் இருக்கிறது. போர்டோடு பற்றவைத்திருப்பதால் நாம் மறந்துவிடுகிறோம்.

ரிஸீவரில் நீங்கள் தைரியமாகக் கைவைக்கக்கூடியது ஆன்டெனா. 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வால் தொங்கும். இப்போது 31 மில்லிமீட்டர். அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு. மெல்லிய ஒயரின் நுனியில் உறை உரித்த மாதிரி தெரியும் அந்தத் துண்டுதான் நிஜ ஆன்டெனா. மிச்சமெல்லாம் வெறும் வழி. நுனி அறுந்துபோயிருந்தால் வெளி உறையையும் அதற்குள் இருக்கும் பின்னல் கம்பியையும் ஜாக்கிரதையாக உரித்து, உள் கம்பிக்குக் காயம் படாமல் 31 மில்லிமீட்டர் விடுங்கள். ஸ்கேல் வைத்து அளந்து. 'ஒரு விரக்கடை' என்று உத்தேசமாக விட்டால் அது சமையல் குறிப்பு.

தண்ணீரில் விழுந்த கேஸ் தனி. முதல் காரியம் பேட்டரியைப் பிடுங்குவது. கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீர் செம்பை வேகமாக அரிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் அந்த வேலையை வெகு சுறுசுறுப்பாகச் செய்யும். நல்ல தண்ணீரில் அலசி, பிறகு ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஃபேனுக்கு அடியில் ரெண்டு நாள் வைக்கலாம். அரிசிப் பானைக்குள் புதைப்பது ஒரு நம்பிக்கை. உப்பை அரிசி உறிஞ்சாது. வீட்டில் திட்டு விழும், அது நிச்சயம். கடல் தண்ணீர் குடித்த ரிஸீவர் காய்ந்ததும் வேலை செய்யும், மூன்று மாதம் கழித்துத்தான் காலை வாரும். அதற்குப் பதவி இறக்கம் கொடுத்து, பறக்கும் படையிலிருந்து தரைப் படைக்கு மாற்றல் ஆர்டர் போட்டுவிடுங்கள். வராந்தாவில் ஓடும் சின்னக் காரில் நின்றுபோனால் எழுந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்தக் கவரில் ஒரு பேட்டரி இருக்கும். லித்தியம் பாலிமர். இதற்கு மட்டும் யோசனையே வேண்டாம். மூலையில் நசுங்கியிருந்தாலும், அப்பளம் மாதிரி உப்பியிருந்தாலும், அதன் கதை முடிந்தது. உப்பியதைக் குண்டூசியால் குத்தி, காற்றை இறக்கி, டேப் ஒட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது தீப்பற்றும் கரைசல். மூன்றில் ஒரு செல் போய்விட்டது என்று வேறொரு பழைய பேட்டரியிலிருந்து ஒரு செல்லைப் பிய்த்து ஒட்டுப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பழகாத மாட்டை ஜோடி சேர்த்து ஏர் கட்டுவது போல, சார்ஜ் ஏறும்போது ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஒரு செல்லுக்கு எல்லை 4.2 வோல்ட், முந்துவது அதைத் தாண்டினால் நெருப்பு.

அடிபட்ட பேட்டரி உடனே புகையவேண்டும் என்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பி, பாதி வழியில் கோபித்துக்கொள்ளலாம். விழுந்த இடத்திலேயே, எரியும் சாமான் எதுவும் பக்கத்தில் இல்லாமல், மணல்மேல் ஒரு மணி நேரமாவது வைத்துக் கண்காணியுங்கள். அப்புறமும் வீட்டுக்குள் வேண்டாம். குப்பை வண்டியிலும் வேண்டாம்; மின்கழிவு சேகரிக்கிறவர்களிடம் கொடுங்கள். பேட்டரியில் நீங்கள் செய்யக்கூடிய ஒரே ரிப்பேர் பிளக் மாற்றுவது. அதையும் ஒரு ஒயரை வெட்டி, பற்றவைத்து, மூடிவிட்டு, பிறகுதான் அடுத்த ஒயர். அவசரத்தில் கட்டிங் பிளேயரால் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து ஒரே வெட்டு வெட்டினால், பிளேயரின் வாயில் பல் விழுந்த மாதிரி ஒரு பள்ளம் ஏற்படும். அத்தோடு போனால் அதிர்ஷ்டம்.

டிரான்ஸ்மிட்டர் விழுந்திருந்தால் ஸ்விட்ச், ஸ்டிக் எல்லாம் மாற்றலாம். ஆன்டெனா உடைந்திருந்தால் மட்டும் மாற்றாமல் ஆன் செய்யாதீர்கள். வாரன்டி ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால் அதை முதலில் நினைத்துப் பாருங்கள், ஸ்க்ரூ டிரைவரை அப்புறம்.

எதை ரிப்பேர் செய்திருந்தாலும், எதைப் புதிதாக மாட்டியிருந்தாலும், பறக்கவிடுமுன் ரேஞ்ச் டெஸ்ட் உண்டு. பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களில் சக்தியைக் குறைத்து அனுப்ப ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு முப்பது எட்டு நடந்து போய், மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஸ்டிக்கை அசைத்துப் பார்க்கவேண்டும். ஸர்வோ உதறக்கூடாது, தயங்கக்கூடாது. அதிர்வு, சூடு, கரண்ட், தூரம் நாலுக்கும் ஓரளவு பரீட்சை நடந்துவிடும். இதற்கு ஒரு ஆள் வேண்டும், விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள. 'தாராளமா பண்ணிடலாம் சார்' என்று சொன்ன அக்கவுன்ட்ஸ்காரரைக் கூப்பிடுங்கள். மூக்கில் ப்ரொப்பெல்லர் உள்ள விமானம் என்றால், அதற்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.