உப்புத் தண்ணீரும் கீசரும்

கீசர் வாங்கி மூன்றே வருஷத்தில் ஒழுக ஆரம்பித்தால் வாங்கியவர் கம்பெனியைத் திட்டுகிறார். கடைக்காரர் தண்ணீரைக் குறை சொல்கிறார். தொட்டிக்குள் இருக்கும் ஒரு கம்பியைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை!

சாத்தூர் பக்கத்து அச்சங்குளம் போன்ற ஊர்களில் உப்புத் தண்ணீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுமா என்ன? குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளைக் கறையே சாட்சி. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 2012-ம் ஆண்டு குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை.

இப்படிப்பட்ட தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகக் காயிலில் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் படிவு சூட்டைச் சரியாகக் கடத்தாது. அதனால் காயில் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகிறது. சூடு கூடக் கூட படிவும் கூடும். எனவே தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்கத் தேவையில்லை.

தொட்டியின் கதை வேறு. பெரும்பாலான இரும்புத் தொட்டி கீசர்களில் ஆனோடு ராடு என்ற மெக்னீசியம் கம்பி இருக்கும். இரும்பு அரிக்காமலிருக்க அது தானே கரைந்துபோகும். கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க 1824-ல் ஹம்ப்ரி டேவி சொன்ன யோசனையும் இதுவே. உப்பு அதிகமான தண்ணீரில் கம்பி சீக்கிரம் தீர்ந்துவிடும். அது தீர்ந்தால் அடுத்து அரிப்பது தொட்டியைத்தான்.

தண்ணீரை மென்மையாக்கும் கருவி நல்லதுதான். ஆனால் விலை அதிகம், அதற்கும் அவ்வப்போது உப்பு போட வேண்டும். வாரக் கூலியில் மிச்சம்பிடித்துத் தவணையில் கீசர் வாங்கிய பட்டாசுத் தொழிலாளிக்கு அது கட்டுபடியாகுமா? வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கை வரவழைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காயிலைச் சுத்தம் செய்து, கம்பி தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்வது அதைவிட எளிது. சேஃப்டி வால்வில் அடைப்பு இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் ஆபத்து.

மழைநீரில் இந்தச் சுண்ணாம்பு கிடையாது. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர்!

இதையெல்லாம் விற்கும்போதே சொல்வது கடைக்காரரின் கடமை. ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விற்றுவிட்டு, பிறகு தண்ணீர் மேல் பழி போடுவது நியாயமா?